மூன்று வருட வெயில்

குளுவாங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நாலு ஏக்கர் செம்பனையை மறுநடவு செய்திருக்கிறோம். நடுவே அன்னாசி போட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டும் என வாட்சாப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது. நம்பலாமா?"

வாட்சாப்பை மூடிவிட்டு வெயிலை எண்ணுவோம். செம்பனையை 9 மீட்டர் முக்கோணத்தில் நடுவது வழக்கம். அப்படி நட்டால் ஒரு மரத்துக்குச் சுமார் 70 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 142 மரம். இளங்கன்றின் மட்டைகள் நாலாபக்கமும் ஒன்றரை மீட்டர் விரிந்திருந்தால் அது மறைக்கும் இடம் 7 சதுர மீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு! மற்ற ஒன்பது பங்கு வெயிலையும் லாலாங் புல் தின்கிறது. மட்டை 3 மீட்டர் ஆனதும் மறைப்பு 28 சதுர மீட்டர். நீளம் இரட்டித்தால் நிழல் நான்கு மடங்கு. முதல் வருடம் தோட்டம் காலியாகக் கிடப்பதுபோல் இருக்கும். இரண்டாம் வருடமும் பரவாயில்லை. அப்புறம் பார்த்தால் வெயிலைக் காணோம். இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்ததே இந்தக் கள்ளத்தனம்தான்.

செம்பனை குலை தள்ளி அறுவடைக்கு வர 30 மாதம் ஆகும். அதுவரை உரம், களை, கூலி என்று எல்லாமே போகிற பணம். அன்னாசியோ 12 முதல் 15 மாதத்தில் காசு காட்டும். ஊடுபயிரின் பொருளாதாரம் மொத்தமும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

பிள்ளை சின்னதாக இருக்கும்வரை அடுத்த அறையை வாடகைக்கு விடுவது மாதிரி என்று வையுங்கள். அன்னாசி அடக்கமான குடித்தனக்காரர், தலை தூக்கமாட்டார். ஆனால் அடுக்களையில் கை வைப்பார்: பொட்டாஷ் அவருக்கும் வேண்டும், பிள்ளைக்கும் வேண்டும். தனி அடுப்பு, அதாவது தனி உரம், போட்டுக் கொடுத்துவிடுங்கள். வாழை குடிவந்தால் சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிவந்து சன்னலை மறைப்பார். மாடு, பிள்ளை வளர்ந்தபின் வரவேண்டிய விருந்தாளி. முந்திக்கொண்டு வந்தால் பிள்ளையையே கடிப்பார். பழம் பறித்ததும் அன்னாசியாவது கிளம்புவாரா? பக்கக்கன்றை விட்டுவிட்டு, "இன்னும் ஒரு சுற்று" என்பார். அந்தச் சுற்றில்தான் நிழல் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்காக: ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் நூறு வருடத்துக்கு முன்பே இளம் ரப்பருக்கு நடுவே அன்னாசி போட்டார்கள். நிலத்தின் செலவை ரப்பர் சுமந்ததால் டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்குப் பழம் மலிவாகக் கிடைத்தது. 1934-இல் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்பாடு புது நடவைத் தடுத்தது. புது ரப்பர் இல்லாத இடத்தில் இடைவெளி ஏது? அன்னாசி தன் செலவைத் தானே சுமக்க வேண்டியதாயிற்று.

இனி வாட்சாப் கணக்குக்கு வருவோம். தனிப்பயிராக நட்டால் ஹெக்டேருக்கு 40,000-க்கு மேல் அன்னாசிக் கன்று பிடிக்கும். செம்பனையைச் சுற்றி வட்டம் விட்டு, நடக்கப் பாதையும் விட்டால் அவ்வளவு பிடிக்காது. தனிப்பயிர் எண்ணிக்கையை எடுத்துப் பெருநாள் விலையால் பெருக்கினால் யார் வேண்டுமானாலும் கோடீஸ்வரர். மூன்று வருடத்தில் பிடுங்கி எறியப்போகும் பயிருக்குப் பல்லுயிர்ப் பெருக்கம், கார்பன் வரவு என்று மாலை போடுகிறவர்களையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

உண்மையான ஆபத்து பறிக்கும் வாரத்தில் இருக்கிறது. எத்திஃபான் கரைசலைச் செடியின் நடுக்குருத்தில் ஊற்றினால் அது எத்திலீன் வாயுவை விடும், செடி பூக்கும், சுமார் ஐந்து மாதத்தில் பழம். தோட்டம் முழுக்க ஒரே நாளில் ஊற்றினால் தோட்டம் முழுக்க ஒன்றாகப் பழுக்கும். மாம்பழம்போல் காயாகப் பறித்துப் பழுக்க வைக்கவும் வழியில்லை. பறித்த அன்னாசியில் இனிப்பு ஏறாது. லாரியோடு வந்து நிற்கும் தரகர் சொன்னதுதான் விலை.

ஆகவே குளுவாங் நண்பரே, அன்னாசி போடுங்கள். நாலு ஏக்கரையும் நாலாகப் பிரித்து மாதம் ஒரு பகுதிக்கு மருந்து ஊற்றுங்கள். வாங்குபவரிடம் பேசி முடித்துவிட்டுக் கன்றுக்கு முன்பணம் கொடுங்கள். இரண்டாம் சுற்றுப் பழத்தை நம்பிக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.