முதுசொமாய் வந்த பொற்காசு: அதன் தரமும் பெறுமதியும்

நம்மவர் இல்லங்களிற் பழைய பெட்டகமொன்றைத் திறக்குங்கால், பட்டுத்துணியிற் பொதிந்த பொற்காசொன்று வெளிப்படுதல் புதுமையன்று. அதன் பெறுமதி அறியாது உருக்கி இழந்தோரும் உளர். இல்லாத பெறுமதியைக் கற்பித்து உடன்பிறந்தாரோடு பிணங்கினோரும் உளர். நுகேகொடையில் எம் தந்தையார் மறைந்தபின் இவ்விரு இடர்களும் எம்மை அணுகின. பேரனார் மலாயாவிலிருந்து கொணர, ஆச்சியார் கழுத்தில் அணிந்த பவுண் காசொன்றுக்கு நாம் மூவர் உரித்தாளிகளாயினோம். “செட்டியார் தெருவிற் கொடுத்து உருக்கிப் பங்கிடுவோம்” என்றார் தமையனார். “இஃது அரிய காசு, அண்ணா, உருக்கலாகாது” என்றாள் தங்கை. எவர் கூற்று மெய்யென ஆராயப் புகுந்து யான் கற்றவற்றை ஈண்டுக் கூறுவல்.

ஒரு காசை மதிப்பிடுவார் மெய்ம்மை, அருமை, நிலை என்னும் மூன்றையும் நோக்குவர்.

முதலாவது மெய்ம்மை. பிரித்தானியப் பவுண் காசின் நிறை 7.988 கிராம்; விட்டம் 22.05 மில்லிமீற்றர். பன்னிரண்டு பங்கிற் பதினொரு பங்கு பொன்னாதலின், அதன்கண் உள்ள தூய பொன் 7.32 கிராம். நம் நகைக்கடைகளில் 8 கிராமைப் ‘பவுண்’ என வழங்குதலும் இக்காசு பற்றியே. நூலிற் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுப்பின் ஏறக்குறைய 0.45 கிராம் குறைதல் வேண்டும். மிகுதியாகக் குறையின் பொன்னிற் கலப்புண்டு. ஆயின் நற்பொன்னாலேயே வார்த்த போலிக்காசுகளும் உள. ஆதலின் எழுத்துக்களின் கூர்மையையும் விளிம்பின் வரிகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல் இன்றியமையாதது. உரைகல்லில் உரைத்தல் காசைக் கெடுக்கும்.

இரண்டாவது அருமை. பழமை வேறு, அருமை வேறு. ஆண்டோடு, காசு அடிக்கப்பெற்ற சாலையையும் அறிதல் வேண்டும். சிட்னி, பேர்த் முதலிய சாலைகள் தத்தம் குறியெழுத்தைப் பொறித்தன. இலண்டன் காசுக்கு எழுத்தில்லை. 1917ஆம் ஆண்டு இலண்டனிற் பத்து இலட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டும் இன்று அவை கிடைத்தற்கரியன. அதே ஆண்டின் சிட்னி, பேர்த் காசுகளோ எளிதிற் கிடைப்பன. எங்கள் காசில் 1918 என்னும் ஆண்டும், அதன் மேல் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தும் இருந்தன. அது பம்பாய்ச் சாலையின் குறி. அச்சாலை அவ்வோராண்டு மாத்திரமே, ஏறக்குறைய 13 இலட்சம் காசுகளை அடித்தது. எனவே அது விரும்பப்படுவதேயன்றிப் பேரருமை உடையதன்று.

மூன்றாவது நிலை. அரசரின் புருவம், தாடி, மறுபுறத்து வீரனின் தலைக்கவசம் ஆகிய மேடான இடங்களே முதலில் தேயும். அத்தேய்வைக் கொண்டே தரம் வகுப்பர். அமெரிக்கராகிய செல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலே இன்று பெரிதும் வழங்குகின்றது. புளியிட்டுத் துலக்கிய காசும், துளையிட்ட காசும், வளையம் பற்றவைத்த காசும் தரத்திற் பெரிதும் தாழ்வன. எங்கள் காசின் விளிம்பிற் காசுமாலையின் பற்றாசுத் தழும்பு தெளிவாய்த் தெரிந்தது. ஆகவே சேகரிப்போர் தரும் மேல்விலை அதற்கில்லை, பொன்விலையே எஞ்சியது.

இதனினும் பழைய கஃகாவணமோ வராகனோ கிடைக்கப்பெற்றோர், 1924இல் வெளிவந்த கொட்றிங்ரனின் இலங்கை நாணய நூலோடும் கொழும்பு நூதனசாலைக் காசுகளோடும் ஒப்பிட்டு நோக்குக. இந்நாட்டில் 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்டவை சட்டப்படி தொல்பொருள்கள். அனுமதியின்றி அவற்றைப் பிறநாட்டுக்கு அனுப்புதல் குற்றமாம்.

ஈற்றில் நாம் காசை உருக்கினோமல்லோம். அன்றைய பொன்விலையில் இருவர் பங்கைத் தங்கை கொடுத்து, காசைத் தானே வைத்துக்கொண்டாள். விலையைக் குறைத்த அத்தழும்பே அவளுக்கு ஆச்சியாரின் கழுத்தை நினைவூட்டுகின்றது. பெட்டகத்திற் காசுடையீர், உருக்குமுன் ஒருமுறை உற்று நோக்குமின், துலக்காது நோக்குமின்.