மல்லிகைக்கு என்ன வயது?

திருப்போரூர்ப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடியேறிய வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தை மாதம் நர்சரியில் வாங்கி வைக்கிற பூச்செடிகள் சித்திரை முடிவதற்குள் கருகிவிடுகின்றனவாம். ஒருமுறை நட்டால் பல வருஷம் நின்று பூக்கிற செடி எது என்று கேட்கிறார். கூடவே, காய்ந்துபோன பெட்டூனியாத் தொட்டிகளின் படம் ஒன்றும் இருந்தது.

பெட்டூனியா, டேலியா வகையறாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த இரவுகளை நம்பிப் பூப்பவை அவை. இரண்டு மாத அழகுக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் வருத்தமில்லை. நிலைத்து நிற்கிற செடி வேண்டும் என்றால் நர்சரிக்குப் போவதற்கு முன் வீட்டு மண்ணைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர்தான். அதற்குள் மண் மூன்று விதமாக மாறிவிடுகிறது. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள குன்றுகளின் அடியில் செம்மண், ஏரிப் பாசன வயல்களில் களிமண், பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிவிட்டால் வெறும் மணல். மணலில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து இலை மேல் தெளிக்கும். கோடையில் போர் தண்ணீர் கரிக்கும். மழையோ பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும்.

கடலுக்கு நெருங்கிய வீடென்றால் அரளி, காகிதப்பூ, ஈழத்தலரி மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அரளி இலையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிறு சிறு குழிகளும் அவற்றுக்குள் ரோமங்களும் இருக்கும். செடி மூச்சு விடும் துளைகள் அந்தக் குழிக்குள் ஒளிந்திருப்பதால் காற்று எவ்வளவு அடித்தாலும் ஈரம் சீக்கிரம் போகாது. காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் நிறம் உண்மையில் இலை. நடுவில் இருக்கும் வெள்ளைத் துணுக்குதான் பூ. அதற்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் நன்றாகப் பூக்கும். கரிசனப்பட்டு தினமும் ஊற்றுகிறவர்கள் வீட்டில் வெறும் பச்சையாக ஏறிக்கொண்டு போகும். ஈழத்தலரி புயலில் எளிதாக முறியும், ஆனால் முறிந்த கிளையும் வீணாகாது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு கீழே கிடக்கும் ஈழத்தலரிக் கிளையைப் பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டுவிட்டு, மணலில் ஊன்றினால் அது இன்னொரு மரம்.

உள்ளே தள்ளி, செம்மண் பக்கம் போனால் பட்டியல் நீளும்: செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி, இட்லிப்பூ, மனோரஞ்சிதம். இவற்றில் இட்லிப்பூவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. புது வீட்டு மதில் ஓரமாக அதை வரிசையாக நடுகிறார்கள். ஆறு மாதத்தில் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். பூச்சி காரணமல்ல. கட்டிட வேலை முடிந்ததும் மேஸ்திரி மதில் அடியில் புதைத்துவிட்டுப் போன சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடுகின்றன. காரமண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலிலும் இதே கதைதான். மதிலைவிட்டு நாலடி தள்ளி, ஒரு குழி அளவுக்குச் செம்மண்ணும் தொழு உரமும் போட்டு வைத்தால் அதே செடி பேரப்பிள்ளை காலம்வரை பூக்கும்.

ஆனால் எனக்குப் பல காலமாக ஆச்சரியம் தந்துகொண்டிருப்பது குண்டுமல்லி. அதில் காய் பார்த்திருக்கிறீர்களா? சாயங்காலம் மொட்டு அவிழ்கிறது. வெள்ளை நிறம், இருட்டில் பரவும் வாசனை என எல்லாம் இரவில் பறக்கும் அந்துப்பூச்சியை அழைக்கும் ஏற்பாடுதான். இவ்வளவு செய்தும் நம் வீட்டுச் செடியில் காய் பிடிப்பது மிக அரிது. நாம் மொட்டிலேயே பறித்துவிடுகிறோம் என்பது ஒரு காரணம். பறிக்காமல் விட்டாலும் பெரும்பாலும் உதிரத்தான் செய்கிறது. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் மொட்டின் பருமனையும் இதழின் அடுக்கையும் வாசனையையும் பார்த்துத்தான் செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். விதையை யாரும் கேட்கவில்லை. சில மல்லிகை வகைகளில் குரோமோசோம்கள் இரண்டு தொகுப்பாக இல்லாமல் மூன்று தொகுப்பாக இருக்கின்றன. மகரந்தமும் கருமுட்டையும் உண்டாகும்போது அவற்றைச் சரிபாதியாகப் பிரிக்க வழியில்லை. எனவே விதையும் இல்லை. டெல்லி கனகாம்பரம் என்று பூக்காரர்கள் சொல்லும் வகைக்கும் இதே நிலைமைதான்.

விதை இல்லாத செடி ஊர் ஊராகப் போவது எப்படி? கிளையாகத்தான். ஒரு வீட்டுச் செடியிலிருந்து ஒடித்த குச்சி அடுத்த வீட்டில் வேர்விடும், அதிலிருந்து இன்னொன்று மூன்றாம் தெருவுக்குப் போகும். எங்கள் வீட்டில் பால் உறைய மோர் இல்லாத நாளில் அம்மா என்னைக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்புவாள். அந்த வீட்டில் இல்லாதபோது அவர்களும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். தினமும் பால் புதிது, ஆனால் உறைமோரின் தொடர்ச்சி எப்போது ஆரம்பித்தது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. மல்லிகையும் அப்படித்தான். நீங்கள் கொல்லையில் நட்டது ஒரு செடியின் பிள்ளை இல்லை, அந்தச் செடியேதான். வேரை வைத்துக் கணக்குப் போட்டால் அதற்கு மூன்று வயது. கிளை நுனியின் துளிரை வைத்துப் போட்டால் நூற்றாண்டுகள். துளிர் நுனியில் இருக்கும் செல்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டே வந்தவை, நடுவில் ஒருமுறைகூட விதையாகி முதலிலிருந்து தொடங்காதவை. ஒட்டு மாஞ்செடி சின்னதாக இருக்கும்போதே பூப்பதும், கொட்டை போட்டு முளைத்த மா வருஷக்கணக்கில் காக்கவைப்பதும் இதனால்தான். வெட்டிய கிளை தன் பருவத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு வருகிறது.

குச்சிக்கு எங்கிருந்து வேர் வருகிறது என்பதும் பார்க்க வேண்டியது. துளிர் நுனியில் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரந்து கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். கிளையை வெட்டியதும் இறங்குகிற வழி அடைபட்டு, வெட்டுவாயில் அது தேங்குகிறது. தேங்கிய இடத்தில், பட்டைக்கு அடியில் இருக்கும் செல்கள் கிளையின் வேலையை விட்டுவிட்டு வேரின் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டச் சொல்வதும், பென்சில் பருமனில், ரொம்ப இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் பார்த்து எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். வேர் வருவதற்கு ஈரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காற்று. களிமண்ணில் அழுகும் குச்சி மணலில் பிழைக்கும்.

இதற்குச் சாட்சி இராமேஸ்வரம் தீவில் இருக்கிறது. அங்கே தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பேர் போன ஊர். கடற்கரை மணலில் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, வேர் பிடித்ததும் கட்டுக்கட்டாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லி வளரும் மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் தங்கச்சிமடத்து நாற்று போகிறது. ஆகவே கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் மணலைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர்கள் அதில் செடியை வளர்க்க வேண்டாம், வேரை வளர்க்கலாம். வேர் வந்தபின் செம்மண்ணும் சாண உரமும் கலந்த குழிக்கு மாற்றிவிடுங்கள். கரிக்கும் தண்ணீர் மல்லிகைக்கு ஆகாது. மழை நீரைப் பிடித்து வைத்திருந்தால் அதை முதலில் மல்லிக்குக் கொடுங்கள்.

நட்டபின் கவாத்து. இங்கேதான் பெரும்பாலோருக்கு மனசு வராது. குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. பூ புதுத் துளிரில்தான் வரும். வெட்டாத செடி பழைய கட்டையைச் சுமந்துகொண்டு கொடியாக ஓடும். வெட்டிய கிளைகளைக் குப்பைத் தொட்டியில் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரு தெருவுக்கே போதுமான செடி அந்தக் குப்பையில் கிடக்கிறது. மதில் உயர்ந்த பிறகு பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம், ஆனால் அதையே பிளாஸ்டிக் பையில் வைத்து விற்றால் பேரம் பேசாமல் வாங்குகிறோம்.

கிளை வழி வாழ்க்கையில் ஒரு கஷ்டமும் உண்டு. எல்லாம் ஒரே உடம்பு என்றால் ஒன்று தாங்காத நோயை மற்ற எதுவும் தாங்காது. புது வலிமை விதையிலிருந்துதான் வர வேண்டும். அந்த விதை செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. குன்று ஓரப் புதர்க்காடுகளில் காட்டுமல்லி படர்ந்திருக்கும். மெல்லிய இலை, நட்சத்திர வடிவில் வெள்ளைப் பூ, பிறகு சின்னக் கறுப்புப் பழம். வெயிலுக்கோ வறட்சிக்கோ அசையாது. மனைப் பிரிவு போட வருகிறவர்கள் முதல் நாள் பொக்லைன் வைத்து வழிப்பது அந்தப் புதரைத்தான். பிறகு அதே மனையில் வீடு கட்டியவர் ‘வறட்சியைத் தாங்குகிற கொடி’ என்று எங்கிருந்தோ ஒன்றை வரவழைக்கிறார். செங்கல்பட்டு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் இந்தப் பக்கத்து மூலிகைகளை நாற்றாக வளர்த்து வந்திருக்கிறது. செடி கேட்டுப் போக வேண்டியது அப்படிப்பட்ட இடங்களுக்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துப் பண்ணை வீடுகளில் புல்தரைக்கு லாரித் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மணலில் தானாகப் படர்ந்திருக்கும் அடம்பங்கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அந்தப் புல்லைப் பதிக்கிறார்கள். அடம்பு ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைக்கும், காலையில் ஊதா நிறத்தில் பூக்கும். அதன் விதை கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கக்கூடியது. இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஆயுள் குறைவாக இருந்தும் வீட்டைவிட்டுப் போகாத செடி நித்தியகல்யாணி. ஒரு செடி சில வருஷம்தான், ஆனால் விதை சிந்தி, படிக்கட்டு இடுக்கில்கூட முளைத்துக்கொள்ளும். மடகாஸ்கரிலிருந்து வந்தது. சர்க்கரை நோய்க்கு இதன் இலைக் கஷாயம் கேட்கும் என்ற நம்பிக்கையைச் சோதிக்கப் போய்த்தான் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கண்டார்கள், 1958இல் வெளியிட்டார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளையணுக்கள்தான் குறைந்தன. தினமும் காலையில் இரண்டு இலை மெல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாகச் செங்காந்தள். நம் மாநில மலர். மழையோடு முளைத்து, இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி வேலியில் ஏறி, ஐப்பசியில் மஞ்சளாகத் தொடங்கிச் சிவப்பாக முடியும் பூவைக் காட்டிவிட்டு, தை பிறந்ததும் தண்டோடு காய்ந்து காணாமல் போய்விடும். மண்ணுக்கடியில் கலப்பை வடிவக் கிழங்கு மட்டும் தூங்கும். அதுவும் பழைய கிழங்கு இல்லை; ஒவ்வொரு வருஷமும் பழையது சுருங்கிப்போக, புதுக் கிழங்கு அதன் இடத்தைப் பிடிக்கிறது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்தச் செடியில் ஒரு வயதைத் தாண்டிய பாகம் கிடையாது. கிழங்கும் விதையும் கடும் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் எச்சரிக்கை வேண்டும். காய்ந்ததும் செத்துவிட்டது என்று நினைத்து, பங்குனியில் யாராவது அந்த இடத்தைக் கொத்தி வெண்டைக்காய் விதை ஊன்றிவிடுவார்கள். தண்டு காயும்போதே பக்கத்தில் ஒரு குச்சியை அடையாளமாக நட்டு, ஆனி மாதம்வரை அங்கே தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.