களை முளைக்கும் நிலைமைகள்: அம்பாறைக் கரையோர வயல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

திருக்குறளின் 550ஆம் பாடல், கொடியோரை அரசன் ஒறுத்தலைப் பயிரினின்று களை நீக்குதலுக்கு ஒப்பிடுகின்றது. களை இயல்பிலேயே தீயது என்பது இவ்வுவமையின் எடுகோள். ஆயின் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வயற்கண்டங்களை நோக்குவோர்க்கு, விதையினும் அது கிடக்கும் சூழலே கூடிய முக்கியத்துவம் உடையது என்பது புலனாகும்.

மண்ணில் பல்லாண்டு விதைகள் உறங்கிக் கிடக்கின்றன. ஈரம், வெப்பம், ஒட்சிசன், ஒளி என்பன வேண்டிய அளவிற் கூடும்போதே அவை விழிக்கின்றன. கோரையினங்களின் நுண்விதைகள் பல ஒளியை வேண்டுவன. எனவே மேற்பரப்பில் கிடப்பனவே பெரும்பாலும் முளைக்கும். உழவு சிலவற்றைப் புதைக்கின்றது; முன்பு புதைந்தவற்றை மேலே கொணர்கின்றது. நெற்சப்பியோ ஒட்சிசன் குன்றிய சேற்றிலும் முளைக்க வல்லது. எனினும் முளைத்தல் வேறு, மேலெழுதல் வேறு. ஐந்து முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரை தேங்கிய நீர் அதன் இளம் முளைகளிற் பலவற்றை மேலெழாது தடுத்துவிடும்.

நாற்று நடுகையில் நெல் களைக்கு மூத்தது. விதைப்பு வயலில் இரண்டும் ஒரே வயதின. நெல் முளைப்பதற்காக நீரை வடிக்கும் நாட்களே களைக்கும் வாய்ப்பான நாட்கள். அதன்பின் காலந்தாழ்த்தாது நீர் கட்டவேண்டும். இங்குதான் இயற்கை விதி சமூக உறவுகளைச் சந்திக்கின்றது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர், சிறுபோகத்தில் வாய்க்காலின் தலைப்பில் உள்ளவனுக்கு முந்தியும் கடைக்கோடியில் உள்ளவனுக்குப் பிந்தியும் கிடைக்கின்றது. உழவு இயந்திரத்துக்கு வாடகை கொடுத்து நிலத்தை மட்டப்படுத்த இயலாத குத்தகைக்காரனின் வரவையில் மேடுகள் நீருக்கு வெளியே நிற்கும். களை முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான்.

இக்குறையை ஈடுசெய்யவே அவன் களைநாசினியை நாடுகின்றான். ஒரே நாசினியைத் தொடர்ந்து தெளித்தால், அதனைத் தாங்கவல்ல களைகளே எஞ்சிப் பெருகும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது, நீரையும் கூலியாட்களையும் தன் கையில் கொண்டிராத உழவனே பெரிதும் தவித்தான்.

ஆகவே, களைக்கு எம்மருந்து என வினவுமுன், நீர் எவர் கையில், நிலம் எவர் பெயரில் என வினவுதலே அறிவியல் நெறியாகும்.