உழுத கைகளுக்கு உரிமைப் பத்திரம்

ஊருக்கு உழைத்தவரை ஊர் கூடிப் போற்றுவது நம் மரபு. மாலை சூட்டுகிறோம்; பொன்னாடை போர்த்துகிறோம்; வாழ்த்து மடல் வாசித்தளிக்கிறோம். ஆனால் பந்தலைப் பிரித்த பின், அவர் எதற்காக உழைத்தார் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வாறு எண்ணத் தூண்டும் வாழ்வு ஒன்றை இங்கு நம் குடும்பங்களின் முன் வைக்கிறோம். அது திருமதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்வு.

1926ஆம் ஆண்டில், இன்றைய திண்டுக்கல் மாவட்டப் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். பிறர் வயலில் உழைத்து ஓய்ந்த தாயின் துன்பத்தைக் கண்டு வளர்ந்தவர். சவுந்தரம் அம்மையாரின் ஆதரவில் மதுரையில் பயின்று பட்டம் பெற்றார். காந்தியடிகளின் நெறி அவரை ஆட்கொண்டது. செல்வக் குடியில் பிறந்தும், கல்லூரிப் படிப்பைத் துறந்து விடுதலைப் போரில் இறங்கிய சங்கரலிங்கம் ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். வினோபாவின் பூதான இயக்கம் இருவரையும் ஒரே பணியில் பிணைத்தது.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சியை நம் இல்லங்கள் கொண்டாடிய அந்நாளின் இரவில், கீழத் தஞ்சையின் கீழவெண்மணியில் ஒரு குடிசை எரிந்தது. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் அதனுள் கருகி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செய்தி கேட்டுக் கண்ணீர் விட்டோர் பலர். கிருஷ்ணம்மாளோ அம்மக்களிடம் சென்று, அப்பகுதியையே தம் பணிக்களமாக்கிக்கொண்டார். உழுபவருக்கு நிலம் இல்லாத வரையில் இக்கொடுமைக்கு முடிவில்லை என்று இருவரும் உணர்ந்தனர்.

1981இல் அவர்கள் 'லாப்டி' என்னும் அமைப்பை நிறுவினர். அதன் வழி எளியது, ஆனால் கடினமானது. நிலவுடைமையாளரையும் நிலமற்றோரையும் ஒன்றாக அமர்த்திப் பேசுவது. நியாயமான விலையை முடிவு செய்வது. கடன் பெற்று நிலத்தை வாங்குவது. கூடிப் பயிரிட்டு அக்கடனை அடைப்பது. தொடக்கத்தில் வங்கிகள் தயங்கின. பத்திரப் பதிவுக் கட்டணமோ ஏழைகளால் தாங்கவொண்ணாததாய் இருந்தது. எனினும் அம்மையார் தளரவில்லை. ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம், குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்ற அளவில், ஏழைகளின் கைக்கு வந்தது. அதுவும் பெண்களின் பெயரில்! கூலிக்கு நாற்று நட்ட கை, தன் வயலில் நாற்று நட்டது.

நிலம் கிடைத்ததும் பணி முடியவில்லை. கடலோரத்தில் பெருகிய இறால் பண்ணைகளால் விளைநிலமும் குடிநீரும் உவர்ப்படையவே, தம்பதியர் மீண்டும் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

விருதுகளும் வந்தன. 1989இல் பத்மஸ்ரீ, 2008இல், அவருடைய 82ஆம் வயதில், கணவரோடு சேர்ந்து சுவீடனின் 'வாழ்வுரிமை விருது', 2020இல் பத்மபூஷண். ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார்.

பசித்தவருக்கு ஒரு வேளை உணவிடுவது நல்லறமே; நம் பங்குகளில் அது குறைவின்றி நடைபெறுகிறது. ஆனால் மறுநாளும் அவர் நம் வாயிலில் வந்து நிற்க வேண்டிய நிலை ஏன் என்று கேட்டவர் கிருஷ்ணம்மாள். அக்கேள்வியை நாமும் நம் இல்லத்திலிருந்தே தொடங்கலாம் அன்றோ? நம் வயலிலும் வீட்டிலும் உழைப்பவருக்கு உரிய கூலி உரிய நாளில் சேருகிறதா? நம் குடும்பச் சொத்துப் பத்திரங்களில் தாயின் பெயரோ மகளின் பெயரோ உண்டா? இவற்றிற்கு நேர்மையான விடை தேடுவோமாயின், அதுவே அந்த அம்மையாருக்கு நாம் போர்த்தும் பொன்னாடையாகும்.