வியூஃபைண்டர் எஃபெக்ட்: செய்முறையும் ஒரு எச்சரிக்கையும்

விருதுநகர் மாமா போன் பண்ணினார். "மாப்ள, ஆனைக்குட்டம் அணை ரொம்பிருச்சா? வீடியோவுல பாத்தேன், ஷட்டர்ல தண்ணி போகுது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அர்ச்சுனா நதி அப்போது காய்ந்து கிடந்தது. பிறகுதான் உறைத்தது. அவர் பார்த்தது நான் ஸ்டேட்டஸில் வைத்த 20 விநாடி வீடியோ. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழையில் எடுத்தது. எடிட்டிங் பழகுவதற்காக அதன் மேல் வியூஃபைண்டர் எஃபெக்ட் போட்டிருந்தேன்: நாலு மூலையிலும் கோடு, சிவப்புப் புள்ளியோடு 'ரெக்', பேட்டரி படம், கீழே தேதி. அந்தத் தேதி மட்டும் அன்றைய தேதி. விருதுநகருக்குக் குடிதண்ணீர் தரும் அணை அது. மாமா நம்பியதில் தப்பே இல்லை.

அதனால் இந்த எஃபெக்ட் என்ன சொல்லுது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

சிவகாசி அச்சகத்தில் காலண்டர் தாள் ஓரத்தில் கட்டிங் மார்க் பார்த்திருப்பீங்க. அது வெட்டுபவருக்கான குறி. வெட்டியதும் போயிரும், காலண்டரை வாங்குபவர் கண்ணில் படாது. வியூஃபைண்டர் கோடுகளும் அப்படித்தான். எடுப்பவர் பார்வைக்கு மட்டும், வழக்கமாகப் பதிவாவதில்லை. பழைய விஎச்எஸ் கல்யாண வீடியோக்களில் மூலையில் நிற்கும் தேதி மட்டும் படத்தோடு சேர்ந்து பதிந்தது.

ஆக, இந்த எஃபெக்ட் போட்டால், 'நீங்கள் இப்போது கேமராக்காரரின் கண்வழியே பார்க்கிறீர்கள்' என்று சொல்கிறோம். கண்டெடுத்த டேப்புகள் என்ற பாவனையில் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' (1999) மாதிரிக் கதை பண்ணினால், நியாயப்படி 'ரெக்' வரவே கூடாது. டேப்பில் அது இருக்காதே!

இனி செய்முறை. நான் பயன்படுத்துவது கேடன்லைவ், இலவச மென்பொருள். லேயர் வசதி உள்ள எதிலும் இதைச் செய்யலாம்.

முதலில் 1920 × 1080 அளவில், பின்னணி இல்லாத பிஎன்ஜி படம் ஒன்று வரையுங்கள். பழைய டிவிப் பெட்டிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துவிடும். அதனால் 90 சதவீதப் பகுதியைப் பத்திரமானது என்று வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் இடம் வலம் 96 பிக்சல், மேல் கீழ் 54 பிக்சல் தள்ளி மூலைக்கோடுகளைப் போடுங்கள். இதை வீடியோவுக்கு மேல் டிராக்கில் வைக்கணும். கறுப்புப் பின்னணியோடு கிடைக்கும் ரெடிமேட் ஓவர்லே என்றால் பிளெண்ட் மோடை 'ஸ்கிரீன்' ஆக்குங்கள், கறுப்பு மறைந்துவிடும்.

சிவப்புப் புள்ளியைத் தனி டிராக்கில் வையுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், 25 ஃபிரேம் தெரியணும், 25 ஃபிரேம் மறையணும். ஓடும் நேரத்துக்கு 'டைனமிக் டெக்ஸ்ட்' எஃபெக்டில் டைம்கோடு இருக்கு.

பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில்தான். கை நடுக்கம் காட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டிவிடுவார்கள். சட்டம் கேமராவோடது, அது அசையாது. காட்சிதான் ஆடும். எனவே நடுக்கத்தைக் கீழே உள்ள வீடியோவுக்கு மட்டும் கொடுங்கள். அதற்கு முன் அந்த வீடியோவை 105 சதவீதம் பெரிதாக்கணும். அப்போது மேலும் கீழும் 27 பிக்சல், பக்கவாட்டில் 48 பிக்சல் மிச்சம் கிடைக்கும். ஆட்டம் அதைத் தாண்டினால் ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கும்.

கடைசியாகத் தேதி. கதைப்படம் என்றால் உங்கள் இஷ்டம். உண்மைக் காட்சி என்றால் எடுத்த தேதியைப் போடுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையில் விபத்து என்று சேதி வந்தால், கூடவே போனில் வீடியோக்களும் வரும். வேலைக்குப் போனவர் இன்னும் வீடு திரும்பாத குடும்பமும் அதைப் பார்க்கும். பழைய தீயின் மேல் 'ரெக்'கும் இன்றைய தேதியும் இருந்தால் அந்த வீடு என்ன பாடுபடும்? நாம் விளையாட்டாகப் போட்ட நாலு எழுத்து அங்கே சாட்சி ஆகிவிடுகிறது.

நான் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப தண்ணி லாரிக்குச் சொல்லிற வேண்டியதுதான்" என்று வைத்துவிட்டார்.