மேகத்தின் பெயர் சொல்லும் சேதி

மேகங்களின் பெயர்கள் வெறும் தோற்றத்தைத்தான் குறிக்கின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். 1802 டிசம்பரில் லண்டனில், லூக் ஹோவர்டு என்ற மருந்து தயாரிப்பாளர் ஒரு சிறிய அறிவியல் கழகத்தில் முன்வைத்த லத்தீன் சொற்களும் அப்படித்தான் தோன்றும்: சிர்ரஸ் என்றால் முடிச்சுருள், குமுலஸ் குவியல், ஸ்ட்ரேட்டஸ் விரிப்பு. நம் பாடநூல்களில் இவை கீற்று, திரள், படை. ஆனால் ஒவ்வொரு தோற்றமும் காற்று செய்த ஒரு வேலையின் விளைவு. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து காற்று குமிழ் குமிழாக மேலேறுகிறது; ஏற ஏறக் குளிர்ந்து, ஓர் உயரத்தை எட்டியதும் அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. திரள் மேகத்தின் அடி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகவும், தலை காலிபிளவர்போல் புடைத்தும் இருப்பது இதனால்தான். காற்று பரந்த பாளமாக மெல்ல எழும்பினாலோ, இருந்த இடத்திலேயே குளிர்ந்தாலோ படை மேகம் உண்டாகும். கீற்றோ, பெரும்பாலும் 6 கிலோமீட்டருக்கும் மேலே, விழுந்துகொண்டிருக்கும் பனிக்கட்டித் துகள்களைக் காற்று இழுத்துப்போன தடம்.

கணத்துக்குக் கணம் உருமாறும் ஒன்றுக்குப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஹோவர்டே அதை எதிர்பார்த்திருந்தார். தன் சொற்களை அவர் ஒன்றோடொன்று ஒட்டக்கூடியவையாக அமைத்தது அதனால்தான். அதே ஆண்டு பிரான்சில் இயற்கையியலாளர் லாமார்க்கும் மேகங்களுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் சூட்டினார், அவை நிலைக்கவில்லை. ஹோவர்டின் ஒட்டுச் சொல்லில் மேகத்தின் மாற்றமும் அடங்குகிறது. கீற்று பரவினால் கீற்றுப்படை. அதன் அறுகோணத் துகள்கள் ஒளியை 22 பாகை வளைப்பதால்தான் நிலவைச் சுற்றி ஒளிவளையமாகக் ‘கோட்டை’ கட்டுகிறது. திரள் வளர்ந்துகொண்டே போனால் கார்திரள். வெப்பமண்டலத்தில் அது சுமார் 16 கிலோமீட்டர் வரை உயர்ந்து, அதற்கு மேல் ஏற வழியின்றி, கொல்லனின் பட்டடைக்கல்போல் பக்கவாட்டில் விரியும். கோடையில் மாலை நேரத்து இடிமழை இந்த மேகம் தருவது. நாளெல்லாம் சீராகப் பெய்யும் அடைமழை கார்படை தருவது. இரண்டையும் ‘மழைமேகம்’ என்று சொல்லிவிட்டால், இவ்வளவு பெரிய வேறுபாடு மறைந்துபோகிறது.

செயற்கைக்கோளும் ராடாரும் இருக்கும்போது கண்ணால் பார்த்துப் பெயர் சொல்வது வீண் என்பது இன்னொரு மறுப்பு. செயற்கைக்கோள் மேகத்தின் தலையைக் காண்கிறது. அடி எப்படியிருக்கிறது என்பது கீழே நிற்பவருக்குத்தான் தெளிவாகத் தெரியும். அதைவிட வலுவான சான்று விமான நிலையங்களில் கிடைக்கிறது. பிற மேகங்களுக்கு அளவையும் உயரத்தையும் மட்டும் சொல்லும் அந்நிலையங்களின் வானிலை அறிக்கை, இரண்டே வகைகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: ஒன்று, விமானிகள் விலகிப் பறக்கும் கார்திரள், மற்றது, இன்னும் இடி முழங்காவிட்டாலும் கோபுரமாய் எழும்பிக்கொண்டிருக்கும் திரள்.