சிற்றாற்றங்கரை வாய்ச்சண்டை

குறி சொல்லப் போன சிங்கி உடம்பெல்லாம் நகையோடு நிற்கிறாள். அவளைத் தேடி அலைந்த கணவன் சிங்கனுக்குச் சந்தேகம். காலில் பெரிய விரியன் பாம்பு கடித்துக் கிடக்கிறதே, ஏன் என்று கேட்கிறான். அது சேலத்தில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள் அவள். நாங்கூழ்ப் புழு மாதிரி நெளிகிறதே என்றால், பாண்டியன் மகள் போட்ட பாடகமாம். இப்படியே ஒவ்வொரு நகையாகக் கேள்வி ஏறிக்கொண்டு போகிறது.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கவிராயர் குற்றாலத்துக்கு அடுத்த மேலகரத்துக்காரர். சிங்கன் காட்டில் பறவை பிடிக்கிறவன். பொறாமை வந்தாலும் அவன் வாயில் வருவது காட்டில் கண்ட பாம்பும் புழுவும்தான். அவளோ ஊர் ஊராகப் போய் வந்தவள்; பதிலுக்குப் பதில் ஓர் ஊர்ப் பெயரை எடுத்து வைக்கிறாள். கோபமும் சமாதானமும் ஒரே சந்தத்தில் மாறி மாறி நடக்கின்றன. உவமையை அலங்காரம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே அது ஒருவன் மனசில் இருக்கும் சந்தேகத்தின் உருவம். இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர்.

குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆற்றின் தலைமாட்டில் குறவஞ்சி என்றால், கால்மாட்டில் முக்கூடற் பள்ளு. பாப்பாக்குடிப் பக்கத்து முக்கூடலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளு பாடும் முக்கூடல் சீவலப்பேரிதான்.

பள்ளில் சண்டை இன்னும் சூடானது. குடும்பன் ஒருவன், மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடல்காரி, அழகர் பக்தை. இளையவள் மருதூர்க்காரி, சிவனைக் கும்பிடுகிறவள். சக்களத்திச் சண்டை முற்றி இருவரும் சாமிகளையே வம்புக்கு இழுக்கிறார்கள். கட்ட நாலு முழத் துண்டு இல்லாமல் புலித்தோலைச் சுற்றிக்கொண்டவர்தானே உங்கள் ஆள் என்று ஒருத்தி. மரவுரி கட்டிக் காட்டுக்குப் போனவர் யாராம் என்று மற்றவள். வாகனத்துக்கு வழியில்லாமல் மாட்டில் ஏறினார் என்றால், மாடுகூடக் கிடைக்காமல் பறவை மேல் ஏறினார் என்று பதில். புராணம் முழுவதும் தெரிந்தவளால்தான் இப்படி ஏச முடியும். ஏச்சு ஒவ்வொன்றிலும் ஒரு திருவிளையாடலோ ஓர் அவதாரமோ இருக்கிறது. திட்டிக்கொண்டே இருவரும் எதிராளியின் சாமியைப் பாடி முடித்துவிடுகிறார்கள்! பிறகு சமாதானமும் ஆகிவிடுகிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. பள்ளு, வயலில் உழைத்தவர்களைப் பற்றி ஏடு படித்த புலவர் எழுதியது. பண்ணைக்காரன் குடும்பனைத் தொழுமரத்தில் மாட்டுவதும் அதில் வேடிக்கையாகவே வருகிறது. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஆனால் அந்தப் பெண்களின் வாய்த்துடுக்கைப் புலவர் தன் கற்பனையில் மட்டும் கண்டெடுத்தார் என்று நம்ப என்னால் முடியாது. நெல் வகைகள், மாட்டு வகைகள், புது வெள்ளத்தில் ஏறும் மீன்கள் என்று அடுக்கும்போது அந்தப் பெயர்களெல்லாம் வயலிலும் கரையிலும் புழங்கியவை. சொல்லை அவர்கள் கொடுத்தார்கள். சந்தத்தைப் புலவர் கொடுத்தார்.

இந்தப் பாட்டுகள் பேச்சாகப் பிறந்தவை. கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். அதை உரக்கச் சொன்னவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடுவார்கள். ஒரு பாட்டை எடுத்தால் அவசரம் கிடையாது. திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, ரசித்து, மறுபடியும் சொல்வார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் போன்றவர்கள் அந்தச் சூழலில் தோய்ந்தவர்கள். ராஜாஜியும் கல்கியும் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். பண்டித உரையின் துணையில்லாமல் சாதாரண வாசகனுக்குப் பாட்டு எட்ட வேண்டும் என்று அவர் பாடுபட்டார். கம்பனில் தமக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதை நான் ஏற்கவில்லை. காது எவ்வளவு நுட்பமானதானாலும் ஏட்டுக்குத் தீர்ப்பு எழுத அது மட்டும் போதாது. ஆனால் பாட்டைக் கேட்கத் தெரிந்த ஒரு கூட்டத்தை அவர் உண்டாக்கினாரே, அதற்கு ஈடு இல்லை. கடைசியில் அவர் குடியேறியதும் குற்றாலத்தில்தான்.

இன்று கவிதை எழுதுகிற பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். படிக்கிறவரும் தனியாகவே படிக்கிறார். எதிர்ப்பேச்சு பேச ஆளில்லாத கவிதை எளிதில் தன்னிரக்கத்தில் போய் விழுந்துவிடுகிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் குறவஞ்சியை மனப்பாடப் பகுதியாக வைத்து மதிப்பெண் போடுவதை விட்டு, சிங்கன் வரியை ஒரு வரிசைக்கும் சிங்கி வரியை எதிர் வரிசைக்கும் கொடுத்துப் பார்க்கலாம். ஐந்தாறு கேள்வி முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, அடுத்த நகைக்கான கேள்வியையும் பதிலையும் பிள்ளைகளே கட்டட்டும். கொலுசு, கம்மல், கைக்கடிகாரம், எது வேண்டுமானாலும் வரட்டும். சந்தம் மட்டும் தப்பக் கூடாது.